பிரிட்பாப் காலத்தின் ஆகச்சிறந்த பாட்டு எது?

கேள்வி இதுதான்: "பிரிட்பாப் பாட்டுகளில் ஆகச்சிறந்தது எது? ஓயாசிஸ் ரசிகர்கள் 'வொண்டர்வால்' என்கிறார்கள், பிளர் ரசிகர்கள் 'பார்க்லைஃப்' என்கிறார்கள். இந்தச் சண்டையைத் தாண்டி, ஒரே ஒரு பாட்டைக் காரணத்தோடு சொல்ல முடியுமா?"

முடியும். பிரிட்பாப் என்பது 1990-களில் பிரிட்டனில் எழுந்த கிட்டார் குழுக்களின் அலை; ஓயாசிஸும் பிளரும் அதன் இரண்டு பெரிய குழுக்கள். என் பதில், அதே அலையில் வந்த பல்ப் குழுவின் 'காமன் பீப்பிள்'. 1995 மே மாதம் வெளிவந்த பாட்டு. ஆனால் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது விவாதமாகாது. மற்ற பாட்டுகளையும் எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். அவற்றில் சில என் உயிருக்கு நெருக்கமானவை.

முதலில் காலத்தை வரையறுத்துக்கொள்வோம். 1993 மார்ச்சில் ஸ்வேட் குழுவின் முதல் ஆல்பம் வந்ததிலிருந்து 1997 ஆகஸ்டில் ஓயாசிஸின் 'பி ஹியர் நவ்' வந்தது வரை என்று நான் வைத்துக்கொள்கிறேன். இதற்கு முந்தைய ஸ்டோன் ரோசஸையும் லாஸ் குழுவையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். அவர்கள் விதை போட்டவர்கள், அறுவடை செய்தவர்கள் இல்லை. எல்லையைத் தளர்த்திக்கொண்டே போனால் பீட்டில்ஸில் போய் நிற்போம், அப்புறம் விவாதத்துக்கே வேலை இருக்காது.

அடுத்து அளவுகோல். விற்பனையை அளவுகோலாக வைக்க முடியாது. 'காமன் பீப்பிள்' வெளிவந்தபோது அது முதலிடத்துக்கே வரவில்லை. இரண்டாம் இடத்தில் நின்றது. முதலிடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் ராப்சன், ஜெரோம் என்ற இரண்டு தொலைக்காட்சி நடிகர்கள். 'அன்செயின்ட் மெலடி' என்ற பழைய காதல் பாட்டைத் திரும்பப் பாடி ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தார்கள். இன்று அந்தப் பதிப்பைத் தேடிப் போய்க் கேட்பவர்கள் எத்தனை பேர்? மைதானத்தில் எத்தனை ஆயிரம் பேர் சேர்ந்து பாடுகிறார்கள் என்பதையும் அளவுகோலாக வைக்க முடியாது. அப்படி வைத்தால் ஓயாசிஸைத் தவிர யாருக்கும் இடமில்லை. 1996 ஆகஸ்டில் நெப்வொர்த் திடலில் அவர்கள் வாசித்த இரண்டு இரவுகளில் 2,50,000 பேர் திரண்டார்கள். டிக்கெட் கேட்டு விண்ணப்பித்தவர்கள் 25 லட்சம் பேர்.

என் அளவுகோல் வேறு. இந்தப் பாட்டை வேறு ஒரு நாட்டில், வேறு ஐந்தாண்டுகளில் எழுதியிருக்க முடியுமா? முடியாது என்றால் அது அந்தக் காலத்தின் பாட்டு. அதோடு, காலம் கடந்த பிறகும் தனியாக எழுந்து நிற்க வேண்டும். இரண்டும் சேர்ந்த பாட்டுகள் மிகக் குறைவு.

அந்த ஐந்தாண்டுகளில் என்ன இருந்தது? 1979 முதல் கன்சர்வேட்டிவ் கட்சியின் ஆட்சி. 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்றுப்போயிருந்தது. ஷெஃபீல்டின் எஃகு ஆலைகள், வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இன்னொரு பக்கம், வேலையில்லாதவர்களுக்கு அரசு கொடுத்த உதவித்தொகையில் வாடகை கட்டிக்கொண்டு வருடக்கணக்கில் பாட்டுப் பழகிய இளைஞர்கள் ஏராளம். கல்லூரிக்குக் கட்டணம் கிடையாது, அது 1998-இல்தான் வந்தது. அதனால் ஒரு தொழில்நகரத்துப் பையன் லண்டனின் பெயர்பெற்ற கலைக் கல்லூரிக்குள் நுழைய முடிந்தது. அங்கே கோடீஸ்வரர்களின் பிள்ளைகள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பிரிட்பாப்பின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். யூனியன் ஜாக் கொடி போட்ட கிட்டார், ஆடிடாஸ் சட்டை எல்லாம் மேற்பூச்சு. உள்ளே ஓடியது வர்க்கம். யார் எந்த வீட்டிலிருந்து வந்தவர், யார் யாரைப் போல நடிக்கிறார் என்ற கேள்வி.

இந்த அளவுகோலோடு பார்த்தால் 'வொண்டர்வால்' வெளியே போய்விடுகிறது. நல்ல பாட்டுதான். லியம் கல்லகரின் குரல் அதில் இருப்பதுபோல அவ்வளவு இளகி வேறெங்கும் கேட்டதில்லை. ஆனால் அது எந்த நாட்டிலும் எந்த வருடத்திலும் வந்திருக்கக்கூடிய காதல் பாட்டு. (அதன் பெயர் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1968-இல் ஒரு படத்துக்காகப் போட்ட இசை ஆல்பத்திலிருந்து வந்தது. அந்த ஆல்பத்தின் ஒரு பகுதி பம்பாயில் நம் ஊர்க் கலைஞர்களை வைத்துப் பதிவானது.)

ஓயாசிஸின் உண்மையான போட்டிப் பாட்டு 'லிவ் ஃபாரெவர்'. இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1994 ஏப்ரல் மாதத்தை நினைத்துப் பாருங்கள். 5-ஆம் தேதி அமெரிக்காவின் நிர்வாணா குழுப் பாடகர் கர்ட் கோபேன் இறந்தார். 11-ஆம் தேதி ஓயாசிஸின் முதல் சிங்கிள் (தனிப்பாட்டு வெளியீடு) 'சூப்பர்சானிக்' வந்தது. 25-ஆம் தேதி பிளரின் 'பார்க்லைஃப்' ஆல்பம். இருபது நாட்களுக்குள் ஒரு காலம் முடிந்து இன்னொன்று தொடங்கிவிட்டது. 'லிவ் ஃபாரெவர்' அந்த ஆகஸ்டில் வந்தது. லியமின் அண்ணன் நோயல் கல்லகர் அதை அதற்குச் சில வருடங்கள் முன்பே எழுதியிருந்தார். மான்செஸ்டரில் கட்டுமான வேலையில் இருந்தபோது காலில் அடிபட்டு, பாரம் குறைந்த கிடங்கு வேலைக்கு மாற்றப்பட்டிருந்த நாட்களில். அமெரிக்காவிலிருந்து வந்த பாட்டுகள் தற்கொலை மனநிலையைக் கொண்டாடுவதாக அவருக்குப் பட்டது. எல்லாம் இருக்கிறவர்கள் இப்படிப் பாடுகிறார்கள், ஒன்றுமே இல்லாத நான் வாழத்தான் ஆசைப்படுகிறேன் என்பதுதான் அவர் வாதம். அந்தப் பாட்டில் உள்ள நம்பிக்கைக்கு எந்த ஆதாரமும் கிடையாது. வேலை இல்லை, காசு இல்லை, வெளியே மழை. ஆனாலும் லியம் பல்லவியின் உச்சத்தைத் தொடும்போது நமக்கு மறுக்கத் தோன்றுவதில்லை. எனக்கு இது இரண்டாம் இடம். மிக நெருங்கிய இரண்டாம் இடம்.

'டோன்ட் லுக் பேக் இன் ஆங்கர்' பற்றி யாராவது கேட்பீர்கள். பாட்டாகப் பார்த்தால் அது 'லிவ் ஃபாரெவர்' அளவுக்கு இல்லை. தொடக்கப் பியானோ லென்னனின் 'இமேஜின்'-ஐ நேராக எடுத்துக்கொள்கிறது, வரிகளுக்கும் திட்டமான பொருள் கிடையாது. ஆனால் 2017 மே மாதம் மான்செஸ்டர் அரங்கில் குண்டு வெடித்து 22 பேர் இறந்த பிறகு, நகரத்தின் செயின்ட் ஆன்ஸ் சதுக்கத்தில் மௌன அஞ்சலி முடிந்ததும் கூட்டத்தில் ஒரு பெண் இந்தப் பாட்டைத் தொடங்க, கூடியிருந்தவர்கள் சேர்ந்து பாடினார்கள். எழுதியவர் நினைத்தே பார்க்காத இடத்துக்கு ஒரு பாட்டு போவது உண்டு. அதன் மதிப்பு அங்கே இருக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

சரி, பிளர். 1995 ஆகஸ்ட் 14 அன்று பிளரின் 'கன்ட்ரி ஹவுஸ்', ஓயாசிஸின் 'ரோல் வித் இட்' இரண்டும் ஒரே நாளில் வெளிவந்தன. செய்தி நேரத்தில்கூட அதைப் பற்றிப் பேசினார்கள். 2,74,000 பிரதிகள் விற்று பிளர் வென்றது. ஓயாசிஸ் 2,16,000. வெட்கக்கேடு என்னவென்றால், இரண்டுமே அந்தந்தக் குழுவின் சுமாரான பாட்டுகள். 'பிளரா ஓயாசிஸா' என்ற சண்டையே தவறான இரண்டு பாட்டுகளை வைத்து நடந்தது, இருபது முப்பது வருடமாக நாமும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

பிளரின் உச்சம் 'திஸ் இஸ் எ லோ'. சிங்கிளாகவே வரவில்லை. 'பார்க்லைஃப்' ஆல்பத்தின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. பிபிசி வானொலியில் மீனவர்களுக்கும் மாலுமிகளுக்கும் கடல் வானிலை அறிக்கை வாசிப்பார்கள். பிரிட்டனைச் சுற்றியுள்ள கடற்பகுதிகளின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்: டாகர், ஃபோர்த், குரோமார்ட்டி, மேலின். 1992-இல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் மனம் நொந்துபோயிருந்த பிளர் குழுவினருக்கு அந்த அறிக்கைதான் ஊரின் குரலாக இருந்தது. பாடகர் டேமன் ஆல்பர்ன் அந்தப் பெயர்களையே வரிகளாக்கினார். தீவைச் சுற்றி ஒரு வலம் வந்து முடிகிற பாட்டு, நடுவில் கிரகாம் காக்ஸனின் கிட்டார் அலையடிக்கிறது. ஊர்ப்பற்றைக் கொடி பிடிக்காமல் இவ்வளவு மென்மையாகச் சொன்ன ராக் பாட்டு வேறு எனக்குத் தெரியாது.

'பார்க்லைஃப்' பாட்டு அப்படி இல்லை. நடிகர் ஃபில் டேனியல்ஸ் லண்டன் பேச்சுவழக்கில் வசனம் பேச, பூங்காவில் புறாவுக்குத் தீனி போடும் மனிதர்கள் வந்து போகிறார்கள். கேட்கச் சுகமாக இருக்கும். ஆனால் அந்த மனிதர்களை வெளியிலிருந்து வேடிக்கை பார்க்கிற பார்வை அதில் இருக்கிறது. ஆல்பர்ன் படித்த நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை. அது குற்றமில்லை, ஆனால் பாட்டில் அது தெரிகிறது. இந்தப் பார்வைக்குத்தான் 'காமன் பீப்பிள்' பதில் சொல்கிறது. பல்ப் குழுவின் பாடகர் ஜார்விஸ் காக்கரே ஒரு பேட்டியில், ஏழைகளின் வாழ்க்கையை வேடிக்கை பார்க்கும் போக்கு அப்போது காற்றில் பரவியிருந்ததற்கு உதாரணமாக 'பார்க்லைஃப்'-ஐயும் குறிப்பிட்டார்.

இப்போது அந்தப் பாட்டுக்கு வருவோம். காக்கர் ஷெஃபீல்டுக்காரர். பல்ப் குழுவை 1978-இல், பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோதே தொடங்கிவிட்டார். பதினைந்து வருடம் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. நடுவில் 1988-இல் லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரிக்குத் திரைப்படம் படிக்கப் போனார். அங்கே சந்தித்த ஒரு பெண், சாதாரண ஜனங்களோடு சேர்ந்து வாழ ஆசையாக இருக்கிறது என்று சொன்னாள். அந்த ஒரு பேச்சு சில வருடம் அவர் மனதில் கிடந்தது. பிறகு நாட்டிங் ஹில்லில் ஒரு பழைய பொருள் கடையில் வாங்கிய சின்ன காசியோ கீபோர்டில் மெட்டு பிறந்தது.

மெட்டில் வித்தை எதுவும் இல்லை. கிட்டார் பழகுபவர்கள் தொடக்கத்திலேயே கற்றுக்கொள்ளும் சி, ஜி, எஃப் என்ற மூன்று கார்டுகள், அதாவது சுரக்கூட்டுகள்தான். கட்டுமானம்தான் மேதைமை. தொடக்கத்தில் காக்கர் ஏறக்குறைய பேசுகிறார். கிரீஸ் நாட்டிலிருந்து வந்த பணக்காரப் பெண், சிற்பக்கலை மாணவி, அப்பாவிடம் பணம் கொட்டிக் கிடக்கிறது. அவனுக்கும் அவள்மேல் ஆசை இருக்கிறது, அதை மறைக்கவில்லை. எங்கேயாவது தொடங்க வேண்டுமே என்று அவளை சூப்பர் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போய், கையில் காசே இல்லாத மாதிரி நடி என்கிறான். அவள் சிரிக்கிறாள். இங்கே வேறு யாரும் சிரிக்கிற மாதிரி எனக்குத் தெரியவில்லையே என்கிறான் அவன். அந்த இடத்தில் பாட்டு திரும்புகிறது. அதுவரை கேலியாகப் போனது, கோபமாக மாறத் தொடங்குகிறது. நிக் பேங்க்ஸின் டிரம்ஸ் வேகம் கூடிக்கொண்டே போகிறது, கேண்டிடா டாயிலின் கீபோர்டும் ரஸல் சீனியரின் வயலினும் மேலே மேலே அடுக்கிக்கொண்டே போகின்றன. கடைசியில் காக்கர் மூச்சுவிட இடமில்லாமல் கத்துகிறார். கார்டுகள் மாறவில்லை, மெட்டும் மாறவில்லை. அழுத்தம் மட்டும் ஏறுகிறது, அடுப்பில் வைத்த குக்கர் போல.

வரிகளில் ஒரு இடம். நீ கடைக்கு மேலே ஒரு அறையை வாடகைக்கு எடுக்கலாம், முடியை வெட்டிக்கொள்ளலாம், வேலைக்குப் போகலாம், படிக்காதவள் மாதிரி நடிக்கலாம். ஆனாலும் உனக்குச் சரியாக வராது. ஏனென்றால் ராத்திரி படுத்துக்கொண்டு சுவரில் கரப்பான்பூச்சி ஏறுவதைப் பார்க்கும்போது, அப்பாவுக்கு ஒரு போன் போட்டால் போதும், எல்லாம் நின்றுவிடும். வறுமையைப் பற்றி நான் படித்த எத்தனையோ கட்டுரைகள் இந்த ஒரு வரியைத் தொடவில்லை. கையில் காசு இல்லாதது மட்டும் வறுமை ஆகிவிடாது. கூப்பிட்டால் வந்து நிறுத்த ஆள் இல்லாததுதான் வறுமை. இதை ஆடத் தோன்றும் ஒரு பாட்டுக்குள் வைத்து, நாடு முழுக்க இரவு விடுதிகளில் ஆடவும் வைத்துவிட்டார்கள்.

வானொலியில் வந்த சுருக்கப் பதிப்பில் ஒரு சரணம் போய்விட்டது. மூலையில் படுத்திருக்கிற நாய் எச்சரிக்காமலே கடிக்கும், சுற்றுலா வருகிறவர்களை எல்லாரும் வெறுப்பார்கள் என்று வரும் பகுதி. பாட்டின் பல்லே அங்கேதான் இருக்கிறது. அங்கே அவர் 'அவர்கள்' என்று பாடுகிறார் என்பதைக் கவனியுங்கள். கலைக் கல்லூரிக்குப் போனவுடன் தானும் அந்த மக்களிடமிருந்து ஒரு அடி விலகிவிட்டது அவருக்குத் தெரிந்தே இருக்கிறது. 'காக்கர் மட்டும் என்ன, அவரும் வெளியாள்தானே' என்று எதிர்வாதம் செய்பவர்களுக்கு என் பதில் இதுதான். இரண்டு உலகத்துக்கும் நடுவில் நிற்கிறவனின் பாட்டு இது. அவன் அங்கே நிற்பதால்தான் இரண்டு பக்கமும் தெரிகிறது.

அந்த வருடம் ஜூன் 24 அன்று கிளாஸ்டன்பரி விழாவில் ஸ்டோன் ரோசஸ் வாசிப்பதாக இருந்தது. கிட்டார் கலைஞர் ஜான் ஸ்குவயருக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்ததால், கடைசி நேரத்தில் பல்ப் குழுவை அழைத்தார்கள். பாட்டு வெளிவந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் மொத்தக் கூட்டமும் சொல்லுக்குச் சொல் பாடியது. பதினேழு வருடம் காத்திருந்த குழுவுக்கு ஒரே இரவில் விடிந்தது. 2014-இல் பிபிசியின் சிக்ஸ் மியூசிக் வானொலி நேயர்கள் வாக்களித்தபோதும் பிரிட்பாப்பின் முதல் பாட்டாக வந்தது இதுதான். வாக்கெடுப்பை நான் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் இது நான் மட்டும் பிடிக்கிற பிடிவாதம் இல்லை என்று தெரிகிறது.

என் அளவுகோலில் இதற்குப் பக்கத்தில் நிற்கக்கூடிய இன்னொரு பாட்டு மேனிக் ஸ்ட்ரீட் பிரீச்சர்ஸின் 'எ டிசைன் ஃபார் லைஃப்', 1996 ஏப்ரல். அவர்கள் வேல்ஸின் சுரங்கப் பகுதிக்காரர்கள், பிரிட்பாப் என்ற முத்திரை அவர்களுக்கு முழுசாகப் பொருந்தாது. ஆனால் நூலகங்கள் எங்களுக்கு வலிமை தந்தன என்று தொடங்கும் ஒரு ராக் பாட்டை எப்படி ஒதுக்குவது? நியூபோர்ட் நகரத்தில் ஒரு நூலகத்தின் மேல் பொறித்திருந்த வாசகத்திலிருந்து அந்த வரி வந்தது. குழுவில் ஒருவரான ரிச்சி எட்வர்ட்ஸ் 1995 பிப்ரவரியில் காணாமல் போன பிறகு அவர்கள் வெளியிட்ட முதல் சிங்கிள் அது. உழைக்கும் மக்களுக்குக் குடிக்கத்தான் தெரியும் என்ற ஏளனத்தை எடுத்து, அதையே பல்லவியாக்கி, மைதானம் முழுக்கப் பாட வைத்தார்கள். 'காமன் பீப்பிள்' வெளியாளைப் பார்த்துப் பேசுகிறது, இது உள்ளே இருப்பவர்களின் தலைநிமிர்வு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

'பிட்டர் ஸ்வீட் சிம்பொனி' பற்றிச் சுருக்கமாக. 1997 ஜூன், வெர்வ் குழு. ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு ஒன்றின் வாத்திய இசைப் பதிப்பிலிருந்து ஒரு துண்டை எடுத்ததற்காக, மொத்தப் பாட்டின் உரிமையும் பறிபோனது. வரிகளை எழுதிய ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்ட்டுக்கு 2019-இல்தான் அந்த ஸ்டோன்ஸ் பாட்டை எழுதிய ஜாகரும் ரிச்சர்ட்ஸும் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிரம்மாண்டமான பாட்டு. ஆனால் அது ஒரு காலத்தின் முடிவில் வருகிற பெருமூச்சு, காலத்தின் நடுவிலிருந்து வந்த குரல் இல்லை.

ஸ்வேட்டின் 'தி வைல்ட் ஒன்ஸ்' அழகில் எல்லாவற்றையும் தாண்டும். பிரெட் ஆண்டர்சன் அதைவிட நன்றாகப் பாடியதில்லை. சூப்பர்கிராஸின் 'ஆல்ரைட்' சந்தோஷத்தில் முதலிடம். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, கேட்டால் போதும்.

பெண்களை விட்டுவிட்டுப் போடுகிற பட்டியல்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். எலாஸ்டிகா குழுவின் ஜஸ்டின் ஃபிரிஷ்மன் ஸ்வேட் குழுவின் தொடக்க காலத்தில் இருந்தவர். 'கனெக்ஷன்' பாட்டின் தொடக்க இசை வயர் குழுவின் பழைய பாட்டு ஒன்றிலிருந்து வந்தது, அதற்காகச் சமரசத் தொகை கொடுக்க வேண்டியிருந்தது. இருந்தாலும் அந்தக் காலத்தில் அவ்வளவு கூர்மையாக, ஒரு நொடிகூட வீணாக்காமல் பாட்டு போட்டவர்கள் வேறு இல்லை. எக்கோபெல்லி குழுவின் சோனியா மதன் டெல்லியில் பிறந்தவர். கார்னர்ஷாப்பின் தஜிந்தர் சிங் ஆஷா போஸ்லேயைப் போற்றி 'பிரிம்ஃபுல் ஆஃப் ஆஷா' எழுதினார். 1997-இல் வந்தபோது கண்டுகொள்ளப்படாத அந்தப் பாட்டு, நார்மன் குக் மாற்றியமைத்த பதிப்பில் 1998 பிப்ரவரியில் முதலிடம் போனது. யூனியன் ஜாக் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தவர்களின் பிரிட்டனுக்குள் இந்த மனிதர்களும் இருந்தார்கள்.

தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான ஒரு கிளை இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, அகதியாக லண்டன் திரும்பிய மாயா அருள்பிரகாசம், காக்கர் படித்த அதே செயின்ட் மார்ட்டின்ஸில் திரைப்படம் படித்தார். ஃபிரிஷ்மனோடு நட்பாகி, எலாஸ்டிகாவின் இரண்டாவது ஆல்பத்துக்கு அட்டைப்படம் செய்தார், அவர்களுடைய சுற்றுப்பயணத்தைப் படம் பிடித்தார். பிறகு எம்.ஐ.ஏ. என்ற பெயரில் அவரே பாட வந்தபோது, 2003-இல் 'கலாங்' பாட்டை அவரோடு சேர்ந்து எழுதியவர்களில் ஃபிரிஷ்மனும் இருந்தார், 'காமன் பீப்பிள்' பாட்டில் பேஸ் கிட்டார் வாசித்த ஸ்டீவ் மாக்கியும் இருந்தார். பிரிட்பாப்பின் உண்மையான வாரிசு யார் என்று கேட்டால், ஓயாசிஸைப் போலவே கிட்டார் மாட்டிக்கொண்ட குழுக்களை விட்டுவிட்டு நான் இவரைத்தான் சொல்வேன்.

கேட்கத் தொடங்குவதாக இருந்தால் பல்ப் குழுவின் 'டிஃபரன்ட் கிளாஸ்' ஆல்பத்தில் உள்ள, ஆறு நிமிடத்தை நெருங்கும் 'காமன் பீப்பிள்' முழுப் பதிப்பைக் கேளுங்கள். சுருக்கப் பதிப்பை மட்டும் கேட்டுவிட்டு 'வொண்டர்வால்தான் சிறந்தது' என்று சொல்பவரோடு நான் விவாதத்துக்கு வர மாட்டேன். முழுப் பதிப்பைக் கேட்டுவிட்டு 'லிவ் ஃபாரெவர்' என்று சொன்னால் வருகிறேன், விடிய விடியப் பேசலாம்.